அயர்லாந்துக் கிராமத்தின் பெயரை சர்வேயர்கள் எழுதிய விதம்: பெயர்ப் பதிவேட்டைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்து வரைபடத்தை விரித்தால் பாலி, கில், நாக், டெர்ரி என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் ஆயிரக்கணக்கில் கண்ணில் படும். இன்று சாலைப் பலகையிலும் நிலப் பத்திரத்திலும் இருக்கிற ஆங்கில எழுத்துக்கூட்டலில் மிகப் பெரும்பகுதி 1825க்கும் 1846க்கும் நடுவில் முடிவானது. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று, நான்கு, சிலவற்றுக்குப் பத்துக்கும் மேல் வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன, அவற்றில் ஒன்றை யாரோ தேர்ந்தெடுத்து மற்றவற்றை ஒதுக்கினார்கள். நல்ல வேளையாக அப்படி ஒதுக்கியதையும் பெயர்ப் பதிவேட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை எப்படிப் படிப்பது, படித்ததில் எதை நம்புவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். முழுக்க ஒரே பிடிமானம்தான்: பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அதை யார் சொன்னார்கள் என்று பாருங்கள்.

முதலில் பின்னணி, சுருக்கமாக

இந்த வேலையே வரிக்காக வந்தது. அயர்லாந்தில் கவுண்டி வரியை ஊர்வாரியாகப் பிரித்து வசூலித்தார்கள். பழைய பட்டியல்களில் இருந்த நிலப்பரப்புக் கணக்கோ நம்பும்படி இல்லை. 1824இல் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ் தலைமையிலான நாடாளுமன்றக் குழு, நாடு முழுவதையும் மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் வரைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொறுப்பு பிரிட்டிஷ் ராணுவத்தின் வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தலைவர் தாமஸ் கோல்பியிடம் போனது. முதல் கவுண்டியான லண்டன்டெர்ரியின் வரைபடம் 1833இல் வெளிவந்தது, கடைசியாக கெர்ரி 1846இல். (நம் பக்கத்தோடு இதற்கு நேரடித் தொடர்பும் உண்டு: 1802இல் பரங்கிமலையில் லாம்டன் தொடங்கிய அளவைப் பணிக்குப் பின்னாளில் தலைமை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1829இல் அயர்லாந்துக்குப் போய் கோல்பியின் வேலையை நேரில் பார்த்தார், அளவைக்கு ஆதாரமான முதல் கோட்டை அளக்க கோல்பி வடிவமைத்த தண்டுகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.)

ஆக, பெயர் சேகரிப்பது யாருடைய முதன்மை நோக்கமும் இல்லை. எல்லையும் பரப்பும் வேண்டும், அதைக் குறிப்பிட ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். அப்படித் தொடங்கிய வேலையில் மொழி அறிந்த சிலர் வந்து சேர்ந்ததால்தான் இன்று நமக்குப் படிக்க ஏதோ கிடைக்கிறது.

படி 1: எந்தப் பாரிஷ் என்று சரியாகப் பிடியுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுவார்கள். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவுக்கு டவுன்லேண்ட் என்று பெயர். நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சில வீடுகளும் வயல்களும் கொண்ட ஒரு துண்டு நிலம், சிலவற்றில் வீடே இருக்காது. இப்படி 60,000க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பல டவுன்லேண்ட் சேர்ந்தால் பாரிஷ், பல பாரிஷ் சேர்ந்தால் பரோனி, அதற்கு மேலே கவுண்டி.

பாரிஷ் என்றதும் நம் கத்தோலிக்க ஊர்களில் சொல்லும் ‘பங்கு’ நினைவுக்கு வரும். அயர்லாந்திலும் கத்தோலிக்கப் பங்குகள் உண்டு, ஆனால் சர்வேயர்கள் எடுத்துக்கொண்டது சிவில் பாரிஷ், அதாவது அரசு நிர்வாகம் பயன்படுத்திய பழைய பிரிவு. இரண்டின் எல்லையும் பல இடங்களில் ஒத்துப்போகாது, பெயரும் வேறாக இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவில் இருக்கிற பங்கின் பெயரை வைத்துக்கொண்டு பெயர்ப் பதிவேட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அல்லது அதைவிட மோசமாக வேறொரு ஊர் கிடைக்கலாம்.

அதனால் முதலில் டவுன்லேண்ட், சிவில் பாரிஷ், பரோனி, கவுண்டி என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லோகென்ம் (logainm.ie) என்ற ஐரிஷ் ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் டவுன்லேண்ட் பெயரைக் கொடுத்தால் இந்த அடுக்கு முழுவதும் வந்துவிடும், இலவசம்தான். ஒரே பெயரில் இருபது முப்பது ஊர் வந்தாலும் பரோனி தெரிந்திருந்தால் பிரித்துவிடலாம்.

படி 2: ஐந்து பத்திகளையும் புரிந்துகொள்ளுங்கள்

1825இல் கோல்பி தன் ஆட்களுக்குக் கொடுத்த அறிவுரை தெளிவானது. பதிவேட்டுப் பக்கத்தில் ஐந்து பத்திகள், அதாவது மேலிருந்து கீழே ஓடும் ஐந்து கட்டங்கள். முதல் பத்தியில், பெயர் வழக்கமாக எப்படி எழுதப்படுகிறதோ அப்படி. இரண்டாவதில், புத்தகங்களிலும் ஆவணங்களிலும் கிடைக்கும் மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம். மூன்றாவதில், ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் நேர் எதிரே அதற்கான ஆதாரம். நான்காவதில், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற விதத்தில். ஐந்தாவதில், இடத்தைப் பற்றிய சிறு வர்ணனை, ஏதாவது விசேஷம் இருந்தால் அதுவும்.

படிவம் அருமையானது. ஒரே எழுத்தரின் விருப்பம் மட்டும் வரைபடத்தில் ஏறிவிடாமல் தடுக்க, எதிர் வடிவத்தையும் அதன் ஆதாரத்தையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சொந்த மொழியான ஐரிஷில் அந்த இடத்தை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்கும் பத்தி இந்த ஐந்தில் எங்கேயும் இல்லை. அந்த ஓட்டையை அடைத்தவரைப் பற்றி நான்காம் படியில் வருகிறேன்.

படி 3: மூன்றாவது பத்தியில்தான் உட்கார வேண்டும்

ஆதாரம் என்று யார் யார் வருகிறார்கள்? நிலப்பிரபு, அவருடைய ஏஜென்ட், புராட்டஸ்டன்ட் பாதிரியார், கத்தோலிக்க குரு, கவுண்டி வரி வசூலிப்பவரின் புத்தகம், பழைய கவுண்டி வரைபடம், 17ஆம் நூற்றாண்டு ஆவணங்கள், அப்புறம் எல்லை அளவையர். இந்தக் கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் எல்லைகளை அடையாளம் காண ஒரு தனித் துறையே முன்னால் போனது. உள்ளூரில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, எந்த ஓடை, எந்த வரப்பு எல்லை என்று நடந்து காட்டச் சொல்வார்கள். அவர் வாயால் சொன்ன பெயரை, ஐரிஷ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதுவார். எழுத்துக்கூட்டல் கோணல் மாணலாக இருக்கும், ஆனால் அதற்குள் ஊர்க்காரரின் உச்சரிப்பு அப்படியே சிக்கியிருக்கும். இதனால் நான் எல்லை அளவையர் வடிவத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் கிடைக்கும் மரியாதையைவிடக் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

நிலப்பிரபுவின் எழுத்துக்கூட்டல் நேர்மாறானது. அழகாக, ஒரே சீராக இருக்கும், தலைமுறைகளாகக் குத்தகைப் பத்திரத்தில் பார்த்துப் பார்த்து எழுதியது. ஆனால் அதற்கும் வயலில் நிற்பவன் சொல்வதற்கும் தொடர்பு அறுந்து நூறு வருஷம் ஆகியிருக்கலாம். வரி வசூல் புத்தகமோ நடைமுறைக்கானது, சுருக்கியும் வெட்டியும் எழுதியிருப்பார்கள்.

யாரை நம்புவது என்பதில் சர்வேக்கே ஒரு சாய்வு இருந்தது. பிற்காலத்தில், 1905இல் பிரிட்டனில் களப் பரிசோதகர்களுக்குக் கொடுத்த வழிமுறையில், சொத்துக்காரரும் ஏஜென்டும் பாதிரியாரும் சிறந்த ஆதாரம், சிறு விவசாயிகளையும் குடிசைவாசிகளையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட, குறிப்பாக எழுத்துக்கூட்டலுக்கு, நம்பக் கூடாது என்றே எழுதியிருந்தது. நிலத்தை உழுகிறவனுக்கு அந்த நிலத்தின் பெயர் தெரியாது என்று ஒரு அரசு அலுவலகம் எழுதியதைப் படிக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது. ஆகவே மூன்றாவது பத்தியில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாரிஷில் எல்லாப் பெயருக்கும் பாதிரியாரும் ஏஜென்டும் மட்டுமே ஆதாரம் என்றால், அந்தப் பதிவேட்டை மற்ற சான்றுகளோடு கூடுதல் கவனமாக ஒப்பிட வேண்டும்.

படி 4: ஜான் ஓடோனவனின் கையெழுத்தைத் தேடுங்கள்

1828 முதல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இருந்த மவுண்ட்ஜாய் தலைமையகத்தை நடத்தியவர் தாமஸ் லார்கம். பெயர்களைச் சரிசெய்ய ஐரிஷ் தெரிந்தவர் வேண்டும் என்று புரிந்துகொண்டவர் அவர், தானே ஐரிஷ் படிக்கவும் செய்தார். முதலில் அகராதிக்காரர் எட்வர்ட் ஓரெய்லியை வைத்துக்கொண்டார்கள், அவர் 1830இல் இறந்ததும் கில்கென்னி கவுண்டியைச் சேர்ந்த இளைஞர் ஜான் ஓடோனவன் அந்த இடத்துக்கு வந்தார். பழம்பொருள் ஆய்வாளர் ஜார்ஜ் பெட்ரியின் கீழ் ஒரு சிறு குழு உருவானது. ஐரிஷ் அறிஞர் யூஜின் ஓகரி அதில் இருந்தார், கவிஞர் ஜேம்ஸ் கிளாரன்ஸ் மங்கனும் பழைய ஆவணங்களைப் பிரதி எடுக்கும் வேலையில் இருந்தார். டப்ளினில் பெட்ரியின் வீட்டிலேயே உட்கார்ந்து 17ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களிலிருந்து ஊர்ப்பெயர் வடிவங்களைப் பொறுக்கி எடுத்தார்கள்.

அந்தப் பட்டியலோடும் பெயர்ப் பதிவேட்டோடும் 1834 முதல் ஓடோனவன் கவுண்டி கவுண்டியாகக் கிளம்பிப் போனார். ஒவ்வொரு பாரிஷிலும் வயதான ஐரிஷ் பேச்சாளர்களைப் பிடித்து, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஐரிஷ் வடிவத்தைப் பதிவேட்டிலேயே எழுதினார். இந்தக் காலக்கட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்குக் கவுண்டிகளில் ஐரிஷ் அப்போதே முதியவர்களோடு நின்றுவிட்டிருந்தது. பத்தே வருஷத்தில், 1845இல், பஞ்சம் வந்தது. ஐரிஷ் பேசிய ஏழை ஜனங்கள்தான் அதிகமாகச் செத்தார்கள், கப்பல் ஏறினார்கள். அவர் கேட்ட உச்சரிப்பைப் பல ஊர்களில் அதற்குப் பிறகு யாரும் கேட்டிருக்க முடியாது.

லோகென்மில் டவுன்லேண்டைத் திறந்து ஆவணப் பகுதிக்குப் போனால் ஆண்டோடு சேர்ந்து சுருக்கக் குறிகள் வரும். ‘ஏ எல்’ (AL) என்றால் பெயர்ப் பதிவேடு, ஐரிஷில் அதன் பெயரின் சுருக்கம். அதன் முன்னால் ‘பி எஸ்’ (BS) இருந்தால் எல்லை அளவையர் கொடுத்த வடிவம், ‘ஓ டி’ (OD) இருந்தால் ஓடோனவன், ‘பி எல்’ (pl) இருந்தால் பென்சிலால் எழுதியது. இந்தப் பென்சில் வரிகள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மையில் இருப்பது முடிவெடுத்த வடிவம், அது ஒருவருடைய புலமையின் தீர்ப்பு. பென்சிலில் இருப்பது களத்தில் காதில் விழுந்ததற்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நான் பென்சில் பக்கம்தான் சாய்வேன், புலவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

படி 5: ஆங்கில எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஒலியைக் கேளுங்கள்

ஓடோனவன் பெயர்களை மொழிபெயர்க்கவில்லை. ஏற்கெனவே புழங்கிய ஆங்கில வடிவங்களில் ஐரிஷ் மூலத்துக்கு நெருக்கமானதைப் பரிந்துரைப்பதுதான் பொதுவாக அவர் வழி. சர்வேதான் ஐரிஷ் பெயர்களைச் சிதைத்தது என்று பலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அவர்கள் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பிருந்தே நிலப் பறிப்பும் பத்திரங்களும் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தன. சர்வே செய்தது அதை உறைய வைத்தது, அதுவே போதுமான அளவு கனமான காரியம்.

சில முன்னொட்டுகள் தெரிந்திருந்தால் வேலை எளிது. நாக் என்றால் குன்று, டெர்ரி ஓக் மரத்தோப்பு, ட்ரம் மேட்டு முகடு, குளோன் புல்வெளி, ராத் வட்டக் கோட்டை, கேரிக் பாறை. பின்னால் வரும் மோர் பெரியது, பெக் சின்னது, டஃப் கருப்பு, ரோ சிவப்பு. சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று ‘கில்’. கோவில் என்ற சொல்லும் காடு என்ற சொல்லும் ஆங்கிலக் காதில் பெரும்பாலும் ஒன்றாகவே விழுந்தன. கில்டேர் ஓக் மரத்துக் கோவில், ஆனால் கால்வே கவுண்டியின் கைல்மோர் பெரிய காடு. இன்னொன்று ‘பாலி’. பாலிமீனாவில் அது ஊர், நடு ஊர் என்று பொருள். பாலிஷானனில் அது ஆற்றுத்துறையின் வாய். எழுத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

படி 6: ஒரு பதிவைப் பிரித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நானே கட்டிய பதிவு இது, எந்தக் குறிப்பிட்ட ஊருடையதும் இல்லை. முதல் பத்தியில் கில்மோர், ஒற்றை எல் எழுத்தோடு. இரண்டாவதில் நான்கு வடிவங்கள்: இரட்டை எல் போட்டது, ஆதாரம் வரிப் புத்தகம். ஒற்றை எல் போட்டது, பாதிரியார். கைல்மோர் என்று படிக்கும்படி ஒய் எழுத்து வருவது, எல்லை அளவையர். அதே ஒய் எழுத்தோடு இன்னொன்று, 17ஆம் நூற்றாண்டு ஆவணம். ஐந்தாம் பத்தியில் ‘மேட்டு நிலம், சிறு மரங்கள், குத்தகைக்காரர்கள் ஏழைகள்’.

அவசரப்படுகிறவர் கோவில் என்று எழுதிவிட்டுப் போவார். நிதானமாகப் பாருங்கள். பாதிரியார் தேவாலயத்தோடு பழகியவர், அவருக்குக் கில் என்றாலே கோவில்தான் தோன்றும். ஒன்றை ஒன்று பார்த்து எழுத வாய்ப்பே இல்லாத இருவர், அதாவது வயலில் கேட்டு எழுதிய எல்லை அளவையரும் இருநூறு வருஷம் பழைய எழுத்தரும், ஒரே இடத்தில் ஒய் போட்டிருக்கிறார்கள். வர்ணனையில் மரம் வருகிறது, கல்லறை வரவில்லை. பென்சிலில் காடு என்ற ஐரிஷ் சொல் இருந்துவிட்டால் விஷயம் முடிந்தது. இல்லாவிட்டாலும் காடு என்ற பக்கம் கனம் அதிகம்.

ஆனால் கல்லறை இல்லை என்பதை மட்டும் தனிச் சான்றாக எடுக்காதீர்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைத்த சிறு இடங்கள் பழைய கோவில் தடங்களில் நிறைய உண்டு, 6 அங்குல வரைபடத்தில் ‘குழந்தைகள் புதைநிலம்’ என்ற குறிப்போடு வரும். பதிவேட்டில் விட்டுப்போனது வரைபடத்தில் இருக்கலாம், இரண்டையும் சேர்த்தே வைத்துப் பாருங்கள்.

படி 7: வெளிச் சான்றுகளோடு ஒப்பிடுங்கள்

பின்னோக்கிப் போக, 1650களில் வில்லியம் பெட்டி நடத்திய டவுன் சர்வே. நம்மூர் டவுன் சர்வேயரை நினைக்க வேண்டாம், அளந்ததை வரைபடமாகக் ‘கீழே எழுதி வைத்த’ சர்வே என்பதால் அந்தப் பெயர். டப்ளின் டிரினிட்டி கல்லூரி எஞ்சிய பிரதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது.

பெயர்ப் பதிவேட்டின் காலத்துக்கே சமமானது 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரி, அதாவது தேவாலயத்துக்கான வரியின் புத்தகங்கள். சர்வேயின் தீர்ப்பு வருவதற்கு முன் உள்ளூரில் எப்படி எழுதினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதற்குப் பிறகு வரும் ஆவணங்களில் ஒரு எச்சரிக்கை: வரிக்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் மதிப்பீடும், 1851 கணக்கெடுப்பை வைத்து 1861இல் அச்சான டவுன்லேண்ட் அகரவரிசையும் சர்வேயின் எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொண்டவை. ஆறு ஆவணங்கள் ஒரே மாதிரி எழுதியிருக்கின்றன என்று சந்தோஷப்படுவதற்கு முன், அவை ஆறும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவையா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம்.

ஓடோனவன் களத்திலிருந்து எழுதிய கடிதங்கள் ராயல் ஐரிஷ் அகாதமியில் இருக்கின்றன. மழை, ஒழுகும் விடுதி, கிடைக்காத குதிரைவண்டி, நடுவில் ஒரு பெயரைப் பற்றி மூன்று பக்கம் என்று போகும். வட கவுண்டிகள் என்றால் சர்வேயே எழுதிய பாரிஷ்வாரி விவரணக் குறிப்புகளும் உண்டு. அந்தத் திட்டத்தில் அந்தக் காலத்தில் அச்சேறியது டெம்பிள்மோர் பாரிஷ் ஒன்றுதான், 1837இல். மீதியை 1990களில்தான் 40 தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

படி 8: பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

டவுன்லேண்டுக்குக் கீழே வயல், கிணறு, பாறை, ஓடைத் திருப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வரிக்குத் தேவைப்படாததால் சர்வேயர்கள் பெரும்பாலானவற்றைத் தொடவில்லை. இவற்றுக்கு 1937 முதல் 1939 வரை பள்ளிக் குழந்தைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பைப் பாருங்கள், டூகஸ் (duchas.ie) என்ற இணையதளத்தில் நோட்டுப் பக்கங்களையே படிக்கலாம். இது இன்றைய அயர்லாந்துக் குடியரசின் 26 கவுண்டிகளுக்கு மட்டும். வட அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஊர்ப்பெயர் ஆய்வு இருக்கிறது. அப்புறம், அந்த ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐரிஷ் ஒரு வார்த்தை தெரியாதவர்கூட தன் ஊர்ப்பெயரில் அழுத்தத்தைச் சரியான அசையில் போடுவார். பாலி, கில் என்று தொடங்கும் பெயர்களில் அழுத்தம் பெரும்பாலும் பின்னால் வரும் சொல்லில் விழும், அதை வைத்தே பெயர் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

படி 9: உங்கள் குறிப்பை எழுதும் முறை

கோல்பியின் ஐந்து பத்திகளையே வைத்துக்கொள்ளுங்கள், அதோடு மூன்றைச் சேருங்கள்: ஐரிஷ் வடிவம், அதை எழுதியவர், ஆண்டு. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் ஆவணத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் பதியுங்கள், பிழை என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள், உங்கள் கருத்தைத் தனி வரியில் எழுதுங்கள். முடிவு தெரியாத பெயரில் இரண்டு விளக்கத்தையும் போட்டு, எதற்கு எந்தச் சான்று என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். ஒரு பாரிஷை முழுக்க முடிக்கும்போது பக்கத்து டவுன்லேண்டின் பெயர் பலமுறை சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும், ஒரே கோவிலை, ஒரே காட்டை வைத்து இரண்டு மூன்று ஊர்களுக்குப் பெயர் வந்திருக்கும். அதனால் பட்டியலை அகரவரிசையில் போடாமல் நிலத்தில் இருக்கிற வரிசையில், எல்லையை ஒட்டி எல்லையாகப் போடுங்கள்.